எடைமேடை அண்ணனின் கிராஃபிக்ஸ் கார்டு

என் அண்ணனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தெரியாது என்று சொல்ல மாட்டான், முடியாது என்று சொல்ல மாட்டான், கொஞ்சம் கைகொடு என்று செத்தாலும் சொல்ல மாட்டான். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கரையில் போகிறவர்களிடம் "சும்மா குளிச்சுக்கிட்டு இருக்கேன்" என்பான். கூடப்பிறந்தவள் எனக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கல்லுளிமங்கன் என்று எங்கள் அம்மா அவனைத் திட்டாத நாள் கிடையாது.

வேலை, எடைமேடையில். நெடுஞ்சாலை ஓரத்தில் சரக்கு லாரிகள் வந்து இரும்புத் தளத்தின் மேல் ஏறி நிற்கும். பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் போட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் அண்ணன். திரையில் எண் ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும். நின்றதும் பொத்தானை அழுத்தி, சீட்டைக் கிழித்து, ஜன்னலின் அடியில் இருக்கும் துவாரம் வழியாக நீட்டுவான். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டு போகும். மறுபடி லாரி, மறுபடி சீட்டு, மறுபடி கை. முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அவன் குனிந்து அந்தத் துவாரத்தில் தலையைக் கொடுக்க வேண்டும். டிரைவர்கள் அவனுக்கு 'கிலோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். பலமாகக் காற்றடித்தால் நான்தான் ஓடிப்போய்ப் பிடித்து வைக்க வேண்டும், அப்படிப்பட்ட உடம்புக்கு அந்தப் பெயர்!

"வேலையில யார்கூடத்தான் பேசுவே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏன், மைக்குல பேசுவேனே. 'இன்ஜினை ஆஃப் பண்ணுங்க, வண்டியை விட்டு இறங்குங்க'ன்னு."

அது பேச்சாம்.

கல்யாணம் நடந்தது. நிலைக்கவில்லை. சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. அண்ணி ஒருநாள் என்னிடம், "உங்க அண்ணன் தங்கமானவர்தான். ஆனா வீட்ல இன்னொரு ஆள் இருக்கிற மாதிரியே தெரியலை" என்றாள். அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளை நான் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அதன் பிறகு அண்ணன் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளுக்குக் குடிபோனான். கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமும்போதெல்லாம் மேலே தண்ணீர்க் குவளை நடுங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். "என்ன, உங்கண்ணன் இருக்காரான்னு அட்டெண்டன்ஸ் எடுக்கக் கிளம்பிட்டியா?" என்பார் என் வீட்டுக்காரர். எரிச்சலாக வரும். ஆனால் அவர் சொன்னதும் பொய்யில்லை.

இந்த வீடியோப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு போனபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்று மேசையில் உட்கார்ந்திருந்தது. திரையில் கைகள். எடைமேடைத் துவாரத்தில் வந்து சீட்டு வாங்கிக்கொண்டு போகும் கைகள். மோதிரம் போட்ட கை, கிரீஸ் படிந்த கை, கட்டுப் போட்ட கை, சீட்டை வெடுக்கென்று பிடுங்கும் கை, தயங்கித் தயங்கி வரும் கை. போனில் பிடித்ததை வெட்டி ஒட்டி ஒரு தாளத்தில் ஓட விட்டிருந்தான். பின்னணியில் பாட்டு எதுவும் இல்லை. லாரி இன்ஜின் அணையும் சத்தம்தான் தாளம். கேலி செய்வதற்காக வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். இவனுக்குள் இவ்வளவு இருக்கிறதா!

"இதை யாருக்குக் காட்டினே?"

"நெட்ல போட்டிருக்கேன்."

"எத்தனை பேர் பார்த்தாங்க?"

"பார்த்தாங்க கொஞ்சம் பேர்" என்று அசடு வழிந்தான். அந்தக் கொஞ்சம் பேரில் பாதி அவனேதான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

ஆனால் அதைப் பார்த்த ஒருவர், முன்பின் தெரியாதவர், ஒரு வரி எழுதியிருந்தார்: 'அந்த நகம் கறுத்த கை ரொம்பப் பேசுது சார்.' எங்கோ ஒரு பெரிய ஆற்றில் பயணிகள் படகு விடும் துறையில், படகின் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறவராம். அவரும் போனில் ஆற்றைப் படம் பிடிப்பவர். பிடிக்கத் தெரியும், கோக்கத் தெரியாது. அண்ணன் பதில் எழுத, அவர் மறுபடி எழுத, இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். படகுக்காரர் பிடித்து அனுப்புவார், அண்ணன் வெட்டி ஒட்டுவான். வருஷக்கணக்காக நடந்தது இது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. எல்லாம் மெயில்தான். இவன் அவருக்கு 'சார்', அவர் இவனுக்கு 'சார்'.

"இவ்வளவு நாள் பழகிட்டு இன்னும் என்ன சாரு மோரு?" என்று கேட்டேன்.

"பின்னே எப்படிக் கூப்பிடறதாம்?" என்றான், நிஜமாகவே குழம்பிப்போய்.

ஞாயிறு ஞாயிறு அவன் வாயிலிருந்து வருவதெல்லாம் படகுக்காரர் புராணம்தான். அவர் இதைச் சொன்னார், அவருக்கு அந்த வெட்டு பிடிக்கவில்லை, அவர் ஊரில் மழை. எனக்கு அது போதும். உலகத்தில் என்னைத் தவிர இன்னொரு ஆள் இவனுக்கு இருக்கிறார் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வினை, கேமரா ரூபத்தில் வந்தது. படகுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வந்த பணத்தில் நல்ல கேமராவாக ஒன்று வாங்கிவிட்டார். 'இத்தனை நாள் என் போனை வைத்துக்கொண்டு நீங்கள் பட்ட பாடு போதும் சார். இனிமேல் உங்கள் வேலைக்குத் தகுந்த மாதிரி அனுப்புகிறேன்' என்று எழுதி, புதுக் கேமராவில் பிடித்ததை அனுப்பினார். அண்ணன் ஆசை ஆசையாகத் திறந்தான். முதல் காட்சி அப்படியே உறைந்து நின்றது. விக்கல் மாதிரி சத்தம் இரண்டு முறை வந்தது. பிறகு எல்லாமே அணைந்துவிட்டது. மறுபடி திறந்தான், மறுபடி அதே கதை. வேறு விதமாக மாற்றிப் பார்க்கலாம் என்று முயன்றதில் கம்ப்யூட்டர் சூடேறி, பாதியிலேயே படுத்துவிட்டது. போனிலும் திறக்கவில்லை.

சாதாரண மனிதனாக இருந்தால் என்ன செய்வான்? 'சார், என் டப்பாவில் இது ஓடவில்லை' என்று ஒரு வரி எழுதுவான். என் அண்ணன் என்ன எழுதினான் தெரியுமா? 'பிரமாதம் சார். அந்தப் பனிமூட்டம் அருமை.' உறைந்து நின்ற முதல் காட்சியில் பனிமூட்டம் இருந்ததாம்!

"ஏன் இப்படிப் பொய் எழுதுறே?"

"பொய் இல்லை. பனிமூட்டம் நல்லாத்தான் இருந்துச்சு."

"மிச்சம்?"

"மிச்சத்தையும் பார்த்துடுவேன். ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டா ஓடும். பழசு ஒன்னு மலிவாக் கிடைச்சா போதும்."

"அதுவரைக்கும்?"

அவன் மேசைத் தூசியை விரலால் துடைத்தான். "அவர் எவ்வளவு ஆசையா வாங்கியிருக்கார். என்னால பார்க்க முடியலைன்னா, பார்க்க முடிஞ்ச வேற ஆளைத் தேடிக்குவார்" என்றான். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கீழே டயர் கடையில் காற்றடித்தார்கள், குவளை நடுங்கியது. என்னை விட்டால் என் அண்ணனுக்கு இருந்த ஒரே மனிதர் அவர்தான். அவரை இழந்துவிடுவோமோ என்ற பயம் அவன் கழுத்தைப் பிடித்திருந்தது. எனக்குப் புரிந்தது. ஆனாலும் ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது.

அப்படித்தான் கார்டு வேட்டை ஆரம்பித்தது. பல் டாக்டரிடம் போக வேண்டிய வேலை ஒன்று இருந்தது, முன்பல் விழுந்து மாதக்கணக்காகியிருந்தது. அதைத் தள்ளிப்போட்டான். பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் தெருவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். வழியில் சட்டைக்குள்ளிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்தான். தன் கம்ப்யூட்டருக்குள் கார்டு வைக்க எவ்வளவு இடம் இருக்கிறதோ அந்த அளவுக்கு வெட்டிய அட்டை. கடை கடையாக ஏறி, ஒவ்வொரு கார்டின் மேலும் அதை வைத்துப் பார்த்தான். பெண்ணுக்கு வளையல் அளவு பார்க்கிற மாதிரி இருந்தது. புதுக் கார்டின் விலையைக் கேட்டதும் கடையைவிட்டு இறங்கிய வேகத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டான்.

கடைசியில் ஒரு சந்துக்குள், கடைக்காரம்மா ஒருவர் சிக்கினார். ஒரு பல்துலக்கும் பிரஷால் விசிறியில் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். நேர்மையான ஆள்.

"இது வேணாம் சார்" என்று ஒன்றை ஒதுக்கினார். "இது ராப்பகலா ஓடி ஓடித் தேஞ்சது. பார்க்கப் பளபளன்னு இருக்கும், ரெண்டு மாசத்துல கால் நீட்டிடும். இதை எடுத்துக்குங்க. எதுக்கு, கேமுக்கா?"

"எடிட்டிங். சும்மா பொழுதுபோக்குக்கு."

"என்ன கேமரா? போன்ல எடுத்ததா, பெரிய கேமராவா? எந்த மாதிரி ஃபைல்?"

என்ன கேமரா, என்ன ஃபைல் என்று அவனுக்குத் தெரியாது. படகுக்காரரிடம் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். தெரியாது என்று இந்த அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்வானா?

"எல்லாம் சாதா வீடியோதாங்க" என்றான் என் அண்ணன், பெரிய மனிதத் தோரணையில்.

அந்த ஒரு வாக்கியத்தில் காரியம் கெட்டது.

கார்டு அட்டைக்குள் கச்சிதமாக அடங்கியது. மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தான். கைதேர்ந்த ஆள் மாதிரி மாட்டினான். அவனுடைய பழைய படங்கள், லாரிகள், கைகள் எல்லாம் வெண்ணெயாக ஓடின. எனக்கே கைதட்டத் தோன்றியது. பிறகு படகுக்காரரின் படத்தைத் திறந்தான். முதல் காட்சி உறைந்தது. விக்கல். அணைந்தது. அவன் திருப்புளியை எடுத்து மேசையில் வைத்தான், மறுபடி எடுத்தான், மறுபடி வைத்தான். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் அந்தப் படத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு கடைக்காரம்மாவிடம் போனோம். அவர் திரையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"சார், இதைப் போய் சாதா வீடியோன்னு சொன்னீங்களே! கேமரா ஒவ்வொன்னும் படத்தை ஒரு மாதிரி சுருட்டி வைக்கும். இது புது மாதிரிச் சுருட்டல். நான் குடுத்த கார்டுக்கு இதைப் பிரிக்கத் தெரியாது. இதைவிட மலிவாவே வேற ஒரு கம்பெனி கார்டு இருக்கு, அது பிரிக்கும். முதல்லயே சொல்லியிருந்தா அதையே குடுத்திருப்பேன்."

"இப்பக் குடுங்களேன்" என்றேன் நான்.

"இப்பக் கையில இல்லை. வரவழைக்கணும், நாளாகும். இந்தக் கார்டை நான் திரும்ப எடுத்துக்கிறேன்." பிறகு அண்ணனைப் பார்த்து, "ஆனா எதுக்கு சார் இந்தத் தலைவலி? படம் அனுப்புறவர் உங்க ஃபிரண்டுதானே? கேமராவுல ஒரு செட்டிங்கை மாத்தச் சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலை. உங்க பழைய மெஷின்லயே ஓடும்" என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் அட்டைத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெருவுக்கு வந்ததும் என் வாய்க்கு வந்தபடி பிடித்துக்கொண்டேன். "கேளேன்! ஒரே ஒரு வரி! உனக்கு என்ன கிரீடமா இறங்கிடும்?"

"எப்படிக் கேட்கிறது? இத்தனை நாளா ஒவ்வொன்னையும் பார்த்தேன்னு எழுதியிருக்கேன். 'அருமை'ன்னு எழுதியிருக்கேன். இப்பப் போய் ஒன்னுமே பார்க்கலைன்னு சொன்னா, முன்னாடி எழுதினதையும் நம்ப மாட்டார்."

"கிழிஞ்சது போ" என்றேன். வேறென்ன சொல்ல?

சொல்லிவைத்துவிட்டு வந்த அந்த வேறு கம்பெனி கார்டு வரும்வரை அவன் அதே வித்தையைத் தொடர்ந்தான். படகுக்காரர் படம் அனுப்புவார். இவன் முதல் காட்சியைப் பார்த்துவிட்டு இரண்டு வரி எழுதுவான். கரையில் நின்ற ஒற்றைக் குடையைப் பற்றி, சேற்றில் கிடந்த கயிற்றைப் பற்றி, என்ன தெரிகிறதோ அதைப் பற்றி. எழுதுவதை ரசித்துத்தான் எழுதுவான், அதுவும் உண்மை. ஒரே படத்தை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்த ஆள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

பிறகு படகுக்காரரிடமிருந்து படம் வருவது நின்றது. இவன் எழுதிய மெயிலுக்குப் பதிலும் வரவில்லை. அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

"கோச்சுக்கிட்டார்" என்றான். "இவ்வளவு அனுப்பியும் நான் ஒன்னைக்கூட முடிச்சுக் குடுக்கலை இல்லையா. யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? கார்டு வரட்டும். எல்லாத்தையும் சேர்த்து ஒரே படமாப் பண்ணி அனுப்பிட்டா சரியாயிடுவார்."

தினமும் வேலை முடிந்து அந்தச் சந்துக்கு நடந்தான். "வந்ததும் போன் பண்றேன் சார், சும்மா உயிரை வாங்காதீங்க" என்று கடைக்காரம்மாவே சலித்துக்கொண்டாராம்.

வந்தது. ஒரு ஞாயிறு மதியம். நான் கூடவே இருந்தேன். கார்டை மாட்டி, மூடியைத் திருகி, திரை ஒயரைப் புதுக் கார்டிலேயே செருகி, படகுக்காரரின் முதல் படத்தைத் திறந்தான். பனிமூட்டம். ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் பனி நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து, அதற்குள்ளிருந்து ஒரு படகு மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் "ஹே!" என்று கத்தினான். முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். குடைக்குக் கீழே ஒரு நாய் நின்றிருந்தது. சேற்றுக் கயிற்றை யாரோ இழுக்க, ஒரு முழு ஓடமே வெளியே வந்தது. "பார்த்தியா, பார்த்தியா!" என்று என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தான். சாப்பாடு ஆறிப்போனது.

கடைசிப் படம் ஆறு இல்லை. ஒரு அறை. ஜன்னல், அதில் விழும் காலை வெயில், ஒரு காலி நாற்காலி. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு ஓரத்திலிருந்து ஒரு மனிதர் வந்தார். தலை நரைத்தவர், பருத்த உடம்பு, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அண்ணனின் கை என் தோளிலேயே நின்றுவிட்டது. அதுவரை நாங்கள் பார்க்காத முகம்.

"சார், வணக்கம்" என்றார் அவர். "என்னடா, குறுக்க வந்து உட்கார்றானேன்னு நினைக்காதீங்க. எழுதிப் பார்த்தேன், சரியா வரலை. அதான் பேசிடலாம்னு." தொண்டையைச் செருமினார். "எனக்கு நெஞ்சுல ஒரு ஆபரேஷன் பண்ணணும்ங்கிறாங்க. பயப்படற மாதிரி இல்லைங்கிறாங்க. ஆனா நம்ம ஆள் ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணுமாம், கூட ரெண்டு நாள் இருக்கணுமாம். யாரைச் சொல்றதுன்னு யோசிச்சேன். யோசிக்க யோசிக்க உங்களைத் தவிர யாரும் ஞாபகத்துக்கு வரலை சார். நாம பார்த்துக்கிட்டதுகூட இல்லை, தெரியும். அடுத்த மாசம் முதல் வாரம். வர முடியும்னா, வர்றேன்னு எழுதுங்க, போதும். முடியலைன்னா, முடியலைன்னு எழுத வேணாம். உங்களால அப்படி எழுத முடியாது, எனக்குத் தெரியும். எப்பவும் போல இந்த வீடியோவைப் பத்தி ரெண்டு வரி எழுதிடுங்க. நான் புரிஞ்சுக்கிறேன். அப்புறம் இதைப் பத்தி நாம பேசிக்கவே வேணாம்."

எழுந்தார். அவர் கை பெரிதாக வந்து திரையை மறைத்தது. படம் முடிந்தது.

அவர் சொன்ன முதல் வாரம் கடந்து போயிருந்தது.

"இதுக்கு என்ன எழுதினே?" என்று கேட்டேன்.

அவன் தான் அனுப்பிய மெயிலைத் தேடி எடுத்தான். "'ஜன்னல்ல விழுற வெளிச்சம் ரொம்பப் பிரமாதம் சார்'னு எழுதினேன்."

பாவி! பாவி! என்னால் அதைத்தான் சொல்ல முடிந்தது. அவனைச் சொன்னேனா, கேமராவைச் சொன்னேனா, கடவுளைச் சொன்னேனா, எனக்கே தெரியாது. அண்ணன் அழுதான். அம்மா போனபோதுகூட அழாதவன், இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, சத்தம் போட்டு அழுதான். கீழே டயர் கடையில் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

மெயில் எழுத உட்கார்ந்தவன் பாதியில் எழுந்துவிட்டான். "எழுதினா சரியா வராது. நேர்ல போகணும்" என்றான். மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. அந்த எடைமேடை அவன் இல்லாமல் திறந்தது அதுதான் முதல் தடவையாம். நானும் கூடப் போனேன். போகும் வழியெல்லாம் அவன் வாய்க்குள் எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான்.

ஊர் தெரியும், படகுத்துறை தெரியும், அதற்கு மேல் விசாரித்துப் போனோம். துறையில் டிக்கெட் கிழிக்கும் பெண்தான் வழி காட்டினாள். "அவருக்கு ஒன்னும் இல்லை, நல்லா இருக்கார்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "ஆஸ்பத்திரியில நான்தான் அவரோட அக்கா பொண்ணுன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்" என்று சிரித்தாள். "நீங்க யாரு, சொந்தமா?"

நாங்கள் அவள் காட்டிய வழியில் நடந்தோம்.

கதவைத் திறந்தவர் மெலிந்திருந்தார். வீடியோவில் பார்த்த சட்டை, உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. "யாருங்க?" என்றார். அண்ணன் மரமாக நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. "எடைமேடை" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை என்னவென்று சொல்ல! "சாரா! நம்ம சாரா!" என்று இரண்டு கைகளாலும் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே கூட்டிப்போய் இருந்த ஒரே நாற்காலியில் அவனை உட்கார வைத்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் மெல்ல நடந்து போய் டீ போட்டார். ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. லாரிகளைப் பற்றிக் கேட்டார்.

டீ கையில் வந்ததும் அண்ணன் சொல்லிவிட்டான். ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை, துண்டு துண்டாக வந்தது. "சார், உங்க வீடியோ எதுவுமே என்கிட்ட ஓடலை சார். முதல் காட்சியோட நின்னுடும். நான் பார்த்த மாதிரி எழுதினேன். அதையும் பார்க்கலை சார். கார்டு சரியில்லை. தப்பான கார்டு வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமைதான் சரியான கார்டு வந்துச்சு."

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவன் முழங்காலைத் தட்டினார். "அட, அதுக்கென்ன சார். மெஷின்னா அப்படித்தான். டீ ஆறுது, குடிங்க."

"இல்லை சார், நிஜமாவே..."

"தெரியும் சார், தெரியும். அதான் இவ்வளவு தூரம் வந்துட்டீங்களே."

அண்ணன் கைகழுவ வெளியே போன நேரம், அவர் என் பக்கம் குனிந்தார். "வீட்டுக்குப் போய் சாரை எதுவும் திட்டாதீங்கம்மா. யாருக்குத்தான் ஆஸ்பத்திரின்னா பிடிக்கும்? பாவம், எவ்வளவு யோசிச்சு ஒரு காரணத்தைக் கண்டுபிடிச்சிருக்கார். கிராஃபிக்ஸ் கார்டாம்!" என்று சொல்லி, நெஞ்சுத் தையலைக் கையால் அழுத்திக்கொண்டு, மெதுவாகச் சிரித்தார். கிண்டல் இல்லை. அன்பாகத்தான் சிரித்தார்.

நான் விட்டேனா? கூடவே இருந்தேன், கண்ணால் பார்த்தேன், கடைக்காரம்மாவையே கூட்டிவருகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். "சரிம்மா, சரிம்மா" என்றார். நான் சொல்லச் சொல்ல அது இன்னும் பெரிய பொய்யாகிக்கொண்டே போனதுதான் மிச்சம். கழுவிய கையோடு அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

கிளம்பும்போது அவர், "இனிமே சின்னச் சைஸா அனுப்புறேன் சார். உங்க மெஷினுக்குச் சிரமம் வேணாம்" என்றார். சொன்ன சொல் தவறவில்லை. வாராவாரம் அனுப்புகிறார். போனிலேயே திறக்கிறது, கார்டே வேண்டாம். அண்ணன் ஒவ்வொன்றையும் கடைசிவரை பார்த்து, எந்த இடத்தில் பறவை வந்தது, எந்த இடத்தில் நிழல் விழுந்தது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறான். 'நன்றி சார்' என்று பதில் வருகிறது.

போன ஞாயிறும் போயிருந்தேன். புதுப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர், அக்கரை, மறுபடி தண்ணீர்.

"சாப்பாடு ஆறுது, வா" என்றேன்.

"இரு, முடியட்டும்" என்றான்.

முடிந்தது. அதில் யாரும் குறுக்கே வந்து உட்காரவில்லை. அவன் மறுபடி முதலிலிருந்து போட்டான்.